படைவீரரின் மூச்சுநோயும் ஊன ஓய்வூதியமும்

மார்த்தாண்டம், குழித்துறை, அருமனை, கருங்கல், களியக்காவிளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் பட்டாளத்திற்கு ஒருவரையேனும் அனுப்பாத தெருவைக் காண்டல் அரிது. 1741-ஆம் ஆண்டில் குளச்சற் கடற்கரையில் ஒல்லாந்தரை வென்ற மார்த்தாண்டவர்மரின் படையைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலேயே நாம் கேட்டறிந்தோம். அவ்வரசின் வழிவந்த திருவிதாங்கூர்ப் படைகள் விடுதலைக்குப் பின்னர் இந்தியப் படையோடு இணைந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 9-ஆம், 16-ஆம் பட்டாளங்களாக விளங்கி வருகின்றன. மண வீட்டிலும் சாவு வீட்டுப் பந்தலிலும் கூடும் பழைய வீரர்கள் லடாக்கின் பனியையும் ராஜஸ்தானத்து மணலையும் பற்றிச் சொல்லும் கதைகள் நமக்குப் பழகியவை. அக்கதைகளின் இடையிடையே எழும் இருமலை மட்டும் நாம் கேட்டும் கேளாதவராய் இருந்துவிட்டோம். இக்கட்டுரை அவ்விருமலைப் பற்றியது.

இதனை எழுத எம்மைத் தூண்டியது ஒரு தாள். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், எமக்கு மாமன் முறையினரான முன்னாள் சிப்பாய் ஒருவர் எம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தார். 1997-இல் படையிற் சேர்ந்து, பதினேழாண்டு பணி முடித்து 2014-இல் வெளிவந்தவர் அவர். தகரப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்த அத்தாளை நீட்டி, “மக்களே, இதுல என்னதான் எழுதியிருக்கு? ஒண்ணு வாசிச்சுச் சொல்லு” என்றார். இந்தியில் சரளமாகப் பேசுபவர். எனினும் அவ்வாங்கில மருத்துவச் சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. யாம் வாசித்தோம். ஆஸ்துமா நோய், ஊனம் நூற்றுக்கு இருபது, ‘படைப்பணியால் உண்டானதும் அன்று, படைப்பணியால் முற்றியதும் அன்று’ என்ற அளவில் அது முடிந்திருந்தது. பணியில் இருந்து விலகும் நாளில் நிகழும் மருத்துவக் குழுவின் முடிவு அது. அம்முடிவின் பொருள் யாது, அதற்கெதிராக முறையிட வழியுண்டா என்பவற்றை அவருக்கு எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பத்தாண்டுக்கு மேலாக அத்தாள் பெட்டியிலேயே கிடந்தது.

அத்தாளிலுள்ள இரண்டு சொற்களின்மேல்தான் ஊன ஓய்வூதிய வழக்குகள் அனைத்தும் நிற்கின்றன. ஆங்கிலத்தில் ‘அட்ரிபியூட்டபிள்’ என்றும் ‘அக்ரவேட்டட்’ என்றும் அவை வழங்கும். தமிழ் பயிலும் எமக்கு இவற்றை விளக்க நம் தருக்க நூலார் காட்டும் குடத்தின் உவமையே எளிதாகத் தோன்றுகிறது. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். படைப்பணியே நோயைத் தோற்றுவித்ததாயின் அது முதல் வகை. நோயின் வித்து வேறிடத்ததாயினும், பனியும் புழுதியும் ஓய்வின்மையும் துணைக்காரணமாய் நின்று அதனை முற்றச் செய்தனவாயின் அது இரண்டாம் வகை. இவ்விரண்டில் எஃது ஒன்று மெய்யாயினும் ஓய்வூதியம் உண்டு என்பதே விதி. ஆகலின் மருத்துவக் குழு ஒருவருக்கு அதனை மறுக்க வேண்டுமானால் இரண்டையுமே மறுத்தாக வேண்டும். எம் மாமனாரின் தாளில் ‘அன்று, அன்று’ என இருமுறை வந்ததன் காரணம் அதுவே.

இவ்விடத்தில் மற்றொரு சொல்லையும் நினைவு கூர்தல் தகும். பென்ஷன் என்பதனை நம் முன்னோர் ‘உபகாரச் சம்பளம்’ என்றனர். இனிய சொல்தான், ஆயினும் பிழையான எண்ணத்தை ஊட்டுவது. உபகாரம் என்றால் கொடுப்போன் மனம்போல் கொடுப்பது. மறுத்தால் வாங்குவோன் வாய் திறவாது செல்வது. நம் ஊர்களில் முன்னாள் வீரர் பலர் மறுப்புத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வாளாவிருப்பதற்கு இவ்வெண்ணமும் ஒரு காரணமென்று கருதுகிறோம். பண்டைத் தமிழ் வேந்தரோ போரில் குருதி சிந்தினார் பொருட்டு நிலம் விட்டு, அதனை ‘உதிரப்பட்டி’ எனக் கல்லில் வெட்டுவித்தனர். அது சிந்திய குருதிக்கு உரியது என்பதனை அப்பெயரே சொல்லும். குருதி சிந்தாமல் மூச்சு மட்டும் குறைந்து வருவோர்க்குத்தான் சிக்கல். மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றிய மொழி நம்முடையது. மார்பின் உள்ளே, கண்ணுக்குப் புலப்படாது விழுந்த புண்ணை எவ்வாறு காட்டுவது?

படைப்பணி நுரையீரலை வருத்தும் வழிகள் பல. அவற்றுள் முதலாவது உயரம். குழித்துறை நிலையத்தில் ரயிலேறும் இளைஞன் கடல்மட்டத்தை ஒட்டிய காற்றைச் சுவாசித்து வளர்ந்தவன். அவன் சென்று இறங்கும் லே நகரமோ ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ளது. 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதிற் பாதியே. அங்கு இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு பாதியளவே கிட்டுகிறது. இக்குறையை உணர்ந்த நுரையீரற் குருதிக் குழல்கள் சுருங்க, அவற்றுள் அழுத்தம் மிகுந்து, குருதியின் நீர் கசிந்து காற்றறைகளில் தேங்கும். கரையில் நிற்பவன் தன் மார்பினுள்ளேயே நீரில் மூழ்குவது போன்ற நிலை அது. உயரிடத்து நுரையீரல் நீர்க்கோப்பு என்று அதனைக் கூறுவர். 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது சமவெளியிலிருந்து விரைந்து மலைமேல் ஏற்றப்பட்ட நம் வீரர்கள் மலைநோய்களால் பெரிதும் வருந்தினர். அந்நாட்களில் படை மருத்துவர் இந்தர் சிங்கும் அவர்தம் துணைவரும் 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயின் குறிகளை ஆராய்ந்து 1969-இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டனர். உலக மருத்துவர் இன்றும் எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி அது. அதன் கருப்பொருள் நம் சிப்பாய்களின் மூச்சே என்பதனை நினைக்குந்தோறும் பெருமையும் துயரமும் ஒருங்கே எழுகின்றன.

இத்துன்பத்தைத் தவிர்க்கவே படையில் உயரத்திற்குப் பழகும் முறை வகுக்கப்பட்டது. 9,000 அடி முதல் 12,000 அடி வரை ஆறு நாள், 15,000 அடி வரை நான்கு நாள், அதற்கு மேல் நான்கு நாள் எனப் பதினான்கு நாள் தங்கித் தங்கி ஏறவேண்டும். முறை நன்றே. எனினும் 1984 ஏப்ரல் 13 முதல் நம் படை காத்துவரும் சியாச்சின் பனியாற்றில் சில காவலிடங்கள் 20,000 அடியை எட்டுவன. அங்கே மாந்தர் உடல் முழுதும் பழகிவிடுவது என்பதே இல்லை. 2016 பிப்ரவரி 3 அன்று அங்கு மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்தார் பதின்மர் பனிச்சரிவிற் புதையுண்டதும், ஆறு நாட்களின் பின் உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் அனுமந்தப்பா பிப்ரவரி 11 அன்று மருத்துவமனையில் உயிர்நீத்ததும் நாடறிந்த செய்தி. அது கண்ணுக்குத் தெரிந்த இழப்பு. அதே பனியில் காவல் முடித்துக் கீழிறங்கி, பின்னர் ஆண்டுக்கணக்காக மூச்சு வாங்கி நிற்போர் செய்தியாவதில்லை.

குளிரைப் போக்கும் புகையும் ஒரு பகை. மூடிய பதுங்கறைகளில் ‘புகாரி’ எனப்படும் மண்ணெண்ணெய் அடுப்பு இரவும் பகலும் எரியும். வெளியே சென்றால் பனி கொல்லும். உள்ளேயிருந்தால் கரி நிறைந்த காற்று. காலையிற் காறி உமிழும் கோழை கருமையாக இருக்கும் என்று எம் மாமனார் சொன்னார். அவ்வாறே வேறு பல வீரரும் கூறக் கேட்டுள்ளோம். குளிர்ந்து வறண்ட காற்று மூச்சுக்குழல்களைச் சுருக்கி இழுப்பை எழுப்பும். பாலைநிலத்துப் புழுதியும் ஊர்திகளின் புகையும் வெடிமருந்துப் புகையும் அதற்குத் துணை செய்யும். பலர் நெருங்கி உறங்கும் பாசறைகளில் காசநோய் பரவுதலும் உண்டு. மருந்தால் அந்நோய் தீர்ந்த பின்னரும் நுரையீரலில் எஞ்சும் வடு மூச்சைக் குறைத்தே வைக்கும்.

இக்குறையை அளக்கக் கருவி இல்லாமல் இல்லை. ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில் முழுமூச்சை இழுத்து ஊதச் செய்து, முதல் வினாடியில் வெளிவரும் காற்று, ஊதிய முழுக்காற்றில் எத்துணைப் பங்கு என்று பார்ப்பர். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னரும் அப்பங்கு 0.70-க்குக் குறைந்திருப்பின் குழல்களில் தீராத அடைப்பு உண்டெனக் கொள்வர். கருவி அடைப்பின் அளவைச் சொல்லும். அடைத்தது சியாச்சின் புகையா, வீட்டு அடுப்பின் புகையா என்பதனைச் சொல்லாது. வழக்கு அங்கேதான் பிறக்கிறது.

இனி விதியைக் காண்போம். 1961-ஆம் ஆண்டுப் படையினர் ஓய்வூதிய ஒழுங்கு விதிகளின் 173-ஆம் விதிப்படி, ஊனம் படைப்பணியால் உண்டானதாகவோ முற்றியதாகவோ இருத்தல் வேண்டும். அதன் அளவு நூற்றுக்கு இருபதுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இக்காரண வினாவைத் தீர்க்கும் முறையை 1982-ஆம் ஆண்டு உரிமை விதிகள் வகுத்தன. யாம் படித்து வியந்தவை இவ்விதிகளே. படையிற் சேரும்போது குறிப்பேட்டில் நோய் எதுவும் பதியப்படாவிடின், அவன் முழு நலத்தோடு சேர்ந்தான் என்றே கொள்ளவேண்டும் என்கிறது 5-ஆம் விதி. உரிமையை மெய்ப்பிக்குமாறு வீரனை வேண்டலாகாது, ஐயம் எழுந்தால் அதன் பயன் அவனுக்கே என்கிறது 9-ஆம் விதி. சேரும்போது பதியப்படாத நோய், அவன் விலகக் காரணமாயின், அது பணியிலேயே தோன்றியதாகக் கருதப்படும். சேர்க்கை நாளில் கண்டறிய இயலாத நோய் என்று மருத்துவர் கருதினால் அதற்குரிய காரணங்களை எழுதவேண்டும் என்கிறது 14-ஆம் விதி. சுருங்கச் சொன்னால், மெய்ப்பிக்கும் சுமை சிப்பாயின் தோளில் இல்லை. சர்க்காரின் தோளில் இருக்கிறது.

இச்சுமை நெடுங்காலம் தோள் மாறியே கிடந்தது. 1985-இல் படையிற் சேர்ந்து, வலிப்பு நோயால் 1994-இல் வெளியேற்றப்பட்ட தரம்வீர் சிங் என்பாரின் வழக்கில் 2013 ஜூலை 2 அன்று உச்சநீதிமன்றம் இவ்விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தது. அவருக்கும் ‘உடற்கூற்று நோய், பணியால் அன்று’ என்றே எழுதப்பட்டிருந்தது, காரணம் எழுதப்படவில்லை. காரணம் கூறாத மறுப்பு நில்லாதென்று மன்றம் தீர்ப்பளித்தது. நோய் வேறாயினும் நெறி ஒன்றே ஆகலின், அந்நாள் தொட்டு மூச்சுநோயாளரும் அத்தீர்ப்பையே கையில் ஏந்தி வழக்காடி வருகின்றனர். 2025 மே மாதத்தில் ராஜுமோன் என்பார் வழக்கிலும் அம்மன்றம் மருத்துவக் குழு காரணங் கூறும் கடமையை மீளவும் வற்புறுத்தியது.

மூச்சுநோயாளருக்கு மற்றொரு பிடியும் உண்டு. 1982-ஆம் ஆண்டு விதிகளின் இணைப்பில், தட்பவெப்பத்தால் தாக்கப்பெறும் நோய்களின் பட்டியல் ஒன்றுள்ளது. அதன் தலைப்பிலேயே நுரையீரற் காசநோய், நுரையீரல் நீர்க்கோப்பு, மூச்சுக்குழல் அழற்சி, நுரையீரல் உறை அழற்சி, நுரையீரற் சீழ்க்கட்டி, நிமோனியா என வரிசையாக மூச்சுநோய்களே நிற்கின்றன. அப்பட்டியலை வகுத்தோர் பனியையும் நுரையீரலையும் பிணைத்தே கண்டனர் என்பது தெளிவு.

இவ்வளவு இருந்தும் மறுப்புகள் எவ்வாறு எழுகின்றன? ஆஸ்துமா எவர்க்கும் எங்கும் வரக்கூடியது. மரபு வழியாலும் வரும். ஆதலின் அதனை உடற்கூற்று நோய் எனத் தள்ளிவிடுதல் எளிது. புகையிலையையோ மதுவையோ அளவிறந்து பயன்படுத்தியதால் வந்த ஊனத்திற்கு ஈடு இல்லை என்னும் விதி வேறு உண்டு. அதனை முறையற்றதென்று யாம் சொல்லோம். ஆயினும் பீடியைத் தொட்டவர் அனைவரையும் அவ்விதியின்கீழ் அடக்கிவிடுதல் எளிது என்பதையும் மறைத்தற்கில்லை. நம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பணி முடிந்து வந்தவர் சும்மா இருப்பதில்லை. ரப்பர்த் தோட்டத்திற் பால் எடுத்து, ஷீட்டைப் புகைக்கூடத்தில் உலர்த்துவார். அல்லது அண்டியாபீசில் முந்திரிக் கொட்டை வறுபடும் புகையில் நிற்பார். பத்தாண்டு கழித்து இழுப்போடு மருத்துவரிடம் சென்றால், ‘இது புகைக்கூடத்து நோய்’ என்று சொல்லிவிட இடமாகிறது. இங்கே குடத்தின் உவமையை மீண்டும் எண்ணுக. துணைக்காரணம் இரண்டாதல் கூடாதா? பின்வந்த புகை முன்விழுந்த புண்ணை இல்லையாக்கி விடுமா?

காலத்தைப் பற்றிய விதிகளை நம் வீடுகளில் உள்ளோர் கட்டாயம் அறிதல் வேண்டும். 2008-ஆம் ஆண்டின் உரிமை விதிகள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. பணியிலிருக்கையில் வெளிப்படாத நோய், விலகிய பத்தாண்டுக்குள் தோன்றி, பணிக்காலத்தில் தொடங்கிய கேட்டின் பிந்திய வெளிப்பாடே அது என்று மருத்துவத்தால் நிறுவப்பெறின், அதற்கும் உரிமை உண்டு. மெல்ல மெல்ல முதிரும் நுரையீரல் நோய்க்கு இஃது ஏற்ற விதி. மற்றையது இதற்கு மறுதலை. விலகிப் பதினைந்தாண்டு கழித்து, குறிப்பேடுகள் காலமுறைப்படி அழிக்கப்பட்ட பின்னர்க் கேட்பாராயின், மெய்ப்பிக்கும் சுமை கேட்பவர்மேலேயே வந்துவிழும். சர்க்காரின் தோளிலிருந்த சுமை, தாள்கள் எரிந்ததும் சிப்பாயின் தோளுக்கு மாறுகிறது! எம் மாமனார்க்கு அப்பதினைந்தாண்டு 2029-இல் நிறைகிறது என்று கணக்கிட்டபோது யாம் சற்றே திடுக்கிட்டோம்.

காலம் கடந்தவர் முற்றும் இழந்தவர் என்று எண்ணிவிட வேண்டா. 1983-இல் வெளியேற்றப்பட்டு, 1999-இல்தான் நீதிமன்றம் சென்ற தர்செம் சிங் என்பாரின் வழக்கில், 2008-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஒரு நெறியைக் காட்டியது. ஓய்வூதியம் மாதந்தோறும் உரியது. ஆதலின் அதனை மறுப்பது மாதந்தோறும் புதிதாய் நிகழும் தவறு. உரிமை சாகாது, ஆயினும் பழைய பாக்கி, மனுச் செய்த நாளுக்கு முந்திய மூன்றாண்டளவே கிட்டும். பதினாறாண்டு வாளாவிருந்தவர் பதின்மூன்றாண்டுப் பணத்தை இழந்தார் என்பது இதன் பொருள்.

பணம் எவ்வளவு என்று கேட்பாரும் உளர், கேட்கவேண்டிய கேள்விதான். முழு ஊனத்திற்கு இறுதி ஊதியத்தில் நூற்றுக்கு முப்பது என்பது ஊனக் கூறின் அளவு. ஊனம் குறையக் குறைய அதுவும் குறையும். இறுதி ஊதியம் 40,000 ரூபாயாயின் முழு ஊனத்திற்கு 12,000. நூற்றுக்கு இருபதுக்கு 2,400. எனினும் ஐம்பதுக்குக் குறைந்ததை ஐம்பதாகவும், ஐம்பது முதல் எழுபத்தைந்து வரை உள்ளதை எழுபத்தைந்தாகவும், அதற்கு மேற்பட்டதை நூறாகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை 1996 முதல் உண்டு. அம்முறை நோயால் இடையில் விலக்கப்பட்டவர்க்கு மட்டுமன்றி, பணிக்காலம் முடித்து வந்தவர்க்கும் உரியதென்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் முடிவாயிற்று. அங்ஙனமாயின் 2,400 என்பது 6,000 ஆகும். உறிஞ்சும் மருந்துக் குழல்களும் மருத்துவமனைப் பயணமும் மாதந்தோறும் கொள்ளும் செலவை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்நாளுக்குப்பின் விலகுவோர்க்கே அவை பொருந்தும். முன்னர் விலகியோர்க்குப் பழைய விதிகளே. புதியவை பல நோய்களுக்கு உரிமையை இறுக்கிவிட்டன என்று முன்னாள் படையினர் முறையிட்டு வருகின்றனர். ஊனம் காட்டி ஓய்வூதியம் பெறுவோர் தொகை மிகுந்துவிட்டதென்பது மறுபக்கத்தின் வாதம். தணிக்கைத் துறையும் இதனை ஆராய்ந்துள்ளது. ஓய்வு பெறுவோருள் இவ்வூதியம் பெறும் அதிகாரிகளின் விகிதம், சிப்பாய் முதலியோரின் விகிதத்தினும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததென அவ்வாய்வு காட்டிற்று. பனியில் காவல் நிற்பவன் பெரும்பாலும் சிப்பாயே. தாளை வாசிக்கத் தெரிந்தவர் அதிகாரி. வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும் எமக்கு முதலில் தோன்றியது இதுவே.

பிற நாட்டார் நிலையையும் சிறிது நோக்குவோம். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்து ஈப்பர் நகரருகே ஜெர்மானியர் குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிட்டனர். நான்கு நாள் கழித்து அக்களத்தில் இறக்கப்பட்ட இந்தியப் படையினர் முகமூடியின்றி அவ்வாயுவை உட்கொண்டனர். அன்று காட்டிய வீரத்திற்காக விக்டோரியா சிலுவை பெற்ற ஜமேதார் மீர் தஸ்த், உடற்காயம் ஆறிய பின்னரும் அவ்வாயுவின் கேட்டால் வருந்தினார். பதக்கம் மார்பின்மேல், நோய் மார்பினுள். ஒரு நூற்றாண்டிற்குப்பின் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் அமெரிக்கப் படையினர் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் திறந்த குழிகளில் எரித்தனர். அப்புகையைச் சுவாசித்தோர் நாடு திரும்பி மூச்சுநோயுற்றனர். இழுபறிக்குப்பின் 2022 ஆகஸ்டு 10 அன்று அந்நாட்டில் ‘பாக்ட்’ சட்டம் நிறைவேறிற்று. குறித்த இடத்தில் குறித்த காலத்தில் பணியாற்றியவர்க்கு, பணிக்குப்பின் கண்டறியப்பட்ட ஆஸ்துமா உள்ளிட்ட பட்டியலில் உள்ள நோய் இருந்தால், அந்நோய் பணியால் வந்ததென்றே கொள்ளப்படும். காரணத்தை அவர் நிறுவவேண்டுவதில்லை. நம் விதி, சேர்ந்தபோது உடல் நலமாயிருந்தது என்று ஊகிக்கிறது. அவர் விதி இடத்தையும் நோயையும் நேரே முடிச்சிடுகிறது. சியாச்சினுக்கும் லடாக்குக்கும் இத்தகைய முடிச்சு ஒன்று போடப்படின் எத்துணை வழக்குகள் குறையும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வழிமுறையைச் சில சொற்களில் கூறி முடிப்போம். மறுப்பு வந்த ஆறு திங்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பின்னர் இரண்டாவது. அதற்கும் பின்னர்ப் படைத்துறைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து 2009 முதல் இயங்கும் அத்தீர்ப்பாயத்தின் அமர்வுகளுள் நம் மாவட்டத்தார்க்கு உரியது சென்னையில் உள்ளது. கொச்சி அமர்வு பக்கமாயினும் நாம் தமிழ்நாட்டார் ஆயிற்றே! காலந் தாழ்ந்தவர் தாழ்ச்சியைப் பொறுக்குமாறு வேண்டலாம். மனு எழுத நாகர்கோவிலிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். 2025 ஜூலையில் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு படையினர் குடும்பங்களுக்கெனத் தொடங்கிய ‘வீர் பரிவார் சகாயதா’ திட்டத்தின் உதவியும் உண்டு. எல்லாவற்றிற்கும் முன், மருத்துவக் குழுவின் முழு நடவடிக்கைக் குறிப்பையும் சேர்க்கை நாளின் உடற்பரிசோதனைத் தாளையும் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திலிருந்து பெறவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம்.

இங்கே ஓர் இடர் உண்டு. பணியிலிருக்கும் வீரன் இருமலை மறைப்பான். மருத்துவ வகை குறைந்தால் பதவி உயர்வு தடைப்படும், தோழர் முன் தலைகுனிவாகும் என்று அஞ்சி, ‘நோயுற்றேன்’ என்று வரிசையில் நிற்கமாட்டான். அவ்வாறு மறைத்த ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டில் வெற்றிடமாய் நிற்கும். அவ்வெற்றிடத்தைப் பின்னாளில் மருத்துவர் நலத்தின் சான்றாக வாசிப்பார்.

எம் மாமனார்க்கு அந்த வெற்றிடம் முழுமையாய் இல்லை. 2009-இல் லடாக்கில் மூச்சடைத்துப் படை மருத்துவமனையில் கிடந்ததும், அதன்பின் வகை குறைக்கப்பட்டதும் ஏட்டில் ஏறியுள்ளன. மூன்று மாலைப் பொழுதுகள் திண்ணையிலமர்ந்து, அவர் பணியாற்றிய இடங்களையும் ஆண்டுகளையும் உயரங்களையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். புகைப்பழக்கம் பற்றிய பத்தியில் ‘புகைபிடித்ததில்லை’ என்று யாமாகவே எழுதியதைப் படித்துக் காட்டியபோது கையமர்த்தினார். “இல்ல மக்களே, வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு வருசம் பீடி குடிச்சிருக்கேன். அதையும் எழுது” என்றார். அடித்துவிட்டு அவ்வாறே எழுதினோம். சென்ற தை மாதத்தில் பதிவுத் தபாலில் மனு சேர்க்கப்பட்டது. மறுமொழி இன்னும் வரவில்லை.